பீங்கான் கோப்பையில் ஒரு கைத்தொழில்



இடம்பெயர்ந்து வாழ்ந்தவர்களுக்கு ஒரு கோப்பையின் அருமை தெரியும். பால்மாப் பேணியிலும், பாதியாக வெட்டிய பிளாஸ்டிக் போத்தலிலும், சிரட்டையிலும் தேநீர் குடித்த நாட்களை எங்களில் பலர் மறக்கவில்லை. பிறகு எங்காவது ஒரு கூரையும் ஒரு மேசையும் கிடைத்தபோது முதலில் வாங்கிய சாமான்களில் நாலு பீங்கான் கோப்பையும் இருந்தன. விருந்தினர் வந்தால் கொடுக்க வேண்டும் அல்லவா? அவற்றைத் துடைத்து அடுக்கி வைத்த அன்றுதான் அந்த அறை வீடு மாதிரித் தெரிந்தது என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்தை விட்டுப் புறப்பட்ட கூட்டத்தில் நாங்களும் இருந்தோம். அடுத்த வருடம் வெள்ளவத்தைக்கு வந்து, ஒரு மாடி வீட்டின் பின்னறையில் வாடகைக்கு இருந்தோம். அந்த அறையில் நான் தொடங்கிய சிறு தொழிலைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். வெள்ளைப் பீங்கான் கோப்பை வாங்கி, அதில் பூவோ கோலமோ பெயரோ தீட்டி விற்பது. எங்கள் ஊரில் கோப்பை என்றால் சோறு போட்டுச் சாப்பிடும் தட்டு. கொழும்புக்கு வந்து கடையில் கோப்பை கேட்டபோது தேநீர்க் கோப்பையைத்தான் எடுத்து வைத்தார்கள். பிடி வைத்த உயரமான கோப்பையைக் கடைக்காரர் 'மக்' என்கிறார்கள். நான் அதையும் கோப்பை என்றே எழுதுகிறேன். மக்கு என்று எழுதினால் வேறு அர்த்தம் வந்துவிடும்!

இந்த வேலைக்குப் பெரிய இடம் வேண்டாம். இரைச்சல் இல்லை. பிள்ளைகள் நித்திரையான பிறகு ஒரு மேசை விளக்கின் கீழ் இருந்து செய்யலாம். ஆனால் கைத்தொழில் வகுப்புகளில் பெரும்பாலும் சொல்லித்தராத இரண்டு விஷயங்கள் இதில் உண்டு. ஒன்று, எந்த பெயின்ட் என்பது. மற்றது, கணக்கு. இரண்டிலும் நான் அடிபட்டேன்.

திரும்பி வந்த பதினொரு கோப்பைகள்

2005ஆம் ஆண்டு ஆசிரியர் தினத்துக்கு ஒரு பாடசாலைப் பெற்றோர் சிலர் சேர்ந்து என்னிடம் இருபத்துநான்கு கோப்பைகள் கேட்டார்கள். எனக்குக் கிடைத்த முதலாவது பெரிய ஓடர். மகளின் காப்பை ஈடு வைத்து வெள்ளைக் கோப்பைகளை வாங்கினேன். இரும்புச் சாமான் கடையில் சின்ன டின்களில் சிவப்பு, மஞ்சள், பச்சை எனாமல் பெயின்ட் வாங்கினேன். மினுமினுவென்று இருந்தது, தண்ணீரில் கழுவினாலும் போகவில்லை. எனக்கு அது போதுமாகப் பட்டது. ஒவ்வொரு கோப்பையிலும் ஒரு செவ்வரத்தம்பூவும் ஆசிரியரின் பெயரும். பார்த்தவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள்.

மூன்று கிழமை கழித்து ஒரு பை நிறையக் கோப்பைகள் திரும்பி வந்தன. எண்ணிப் பார்த்தேன், பதினொன்று. இதழ்கள் செதில் செதிலாக உரிந்திருந்தன. ஓர் ஆசிரியைக்குத் தேநீரிலேயே சிவப்புத் துண்டு மிதந்ததாம். அவர் கோபிக்கவில்லை. "பிள்ளை, இதை ஆரும் குடிச்சால் வருத்தம் வராதோ?" என்று மட்டும் கேட்டு அனுப்பியிருந்தார். அந்தக் கேள்வி என்னை இரண்டு நாள் நித்திரை கொள்ள விடவில்லை. காசைத் திருப்பிக் கொடுத்தேன். காப்பு மீள ஏழு மாதம் சென்றது.

பெயின்ட் ஏன் உரிந்தது?

கோப்பையின் மேற்பரப்பு மண் அல்ல, கண்ணாடி. எங்கள் நாட்டுப் பீங்கான் எதனால் ஆனது என்று தெரிந்துகொண்டால் இது விளங்கும். பொரலஸ்கமுவையில் வெட்டி எடுக்கும் வெண்களிமண், மாத்தளைப் பக்கத்தில் கிடைக்கும் பெல்ட்ஸ்பார் என்ற கல், அத்துடன் படிகக் கல்லின் தூள் என்பவை சேர்ந்த கலவைதான் பீங்கானுக்கு அடிப்படை. மாத்தளையில் 1972இல் ஜப்பானிய நொரிடாகே கொம்பனியின் கூட்டோடு தொடங்கிய தொழிற்சாலையும், 1984இல் உருவான தங்கொட்டுவைத் தொழிற்சாலையும் வெளிநாடுகளுக்குப் பீங்கான் அனுப்பிப் பெயர் பெற்றவை. இந்தவகைப் பீங்கானை 1,300 பாகை செல்சியஸை ஒட்டியோ அதற்கு மேலோ சுடுகிறார்கள். அந்தச் சூட்டில் மேலே பூசிய கலவை உருகி, ஆறும்போது கண்ணாடியாகப் படிந்துவிடுகிறது.

சுவரிலும் மரத்திலும் பெயின்ட் உள்ளே ஊறிப் பிடிக்கும். கண்ணாடியில் ஊற இடமில்லை. மேலே தோல்போலத்தான் கிடக்கும். சுடுதேநீர் ஊற்றும்போது கோப்பை ஒரு அளவிலும் அந்தத் தோல் இன்னொரு அளவிலும் விரியும். நாளுக்கு நாலு தரம் இப்படி விரிந்து சுருங்கினால் ஓரத்தில் வெடிப்பு வரும். வெடிப்புக்குள் தண்ணீர் போகும். பிறகு தும்பு போட்டுத் தேய்ப்போம். வேறென்ன நடக்கும்?

கடையில் வாங்கும் பூப்போட்ட கோப்பைகளில் அந்தப் பூ ஏன் வருடக்கணக்காக இருக்கிறது என்று கேட்பீர்கள். தொழிற்சாலையில் படத்தை ஒட்டியபின் அல்லது கையால் தீட்டியபின் மறுபடியும் 800 பாகை அளவில் சூளையில் சுடுகிறார்கள். நிறம் கண்ணாடியோடு கண்ணாடியாகிவிடும். அது எங்கள் குசினியில் நடக்காத காரியம்.

வீட்டில் செய்யக்கூடியது நடுவழி ஒன்று. பீங்கானுக்கென்றே தயாரித்த, தண்ணீரில் கரையும் நிறங்கள் சித்திரப் பொருட்கள் விற்கும் கடைகளில் கிடைக்கின்றன. அவற்றைத் தீட்டி ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, மின்சாரப் போறணையில் 150 பாகை அளவில் சுட்டால் இறுகிப் பிடிக்கும். சூளையில் சுட்டது போல அல்ல. ஆனால் மெதுவாகக் கழுவிப் பாவித்தால் நெடுநாள் இருக்கும். போத்தலில் 'சுட வேண்டும்' என்று எழுதியிருக்கிறதா, எத்தனை பாகை, எத்தனை நிமிடம் என்று வாங்கமுன் வாசியுங்கள். வாசிக்கத் தெரியாவிட்டால் வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அதில் வெட்கம் இல்லை.

அடுத்தது அந்த ஆசிரியையின் கேள்வி. இரும்புக்கும் மரத்துக்கும் பூசும் எனாமல் பெயின்டில், அதிலும் பளிச்சென்ற மஞ்சளிலும் சிவப்பிலும், ஈயம் கலந்திருக்கக்கூடும். பெயின்டில் ஈயத்துக்கு வரம்பு வைக்கும் விதி இலங்கையில் 2013 தொடக்கம்தான் நடைமுறைக்கு வந்தது. என் செவ்வரத்தம்பூக்கள் அதற்கு எட்டு வருடம் முந்தியவை. ஈயம் உடம்புக்குள் போவதில் பயமில்லாத அளவு என்று ஒன்று அறியப்படவில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. அதிகம் பாதிக்கப்படுவது சின்னப் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியும் கர்ப்பிணிகளும். தேசிக்காய்த் தண்ணீர், புளி, ரசம் போன்றவை பட்டால் இப்படியான நிறங்கள் இன்னும் சுலபமாகக் கரையும்.

ஆகவே பீங்கானுக்கான நல்ல நிறம் என்றாலும் இரண்டு கட்டுப்பாடுகளை விடாதீர்கள். கோப்பையின் உட்புறத்தில் ஒரு புள்ளிகூட வைக்கக்கூடாது. வெளிப்புறத்திலும் உதடு படும் விளிம்பிலிருந்து இரண்டு விரல் அகலம் வெள்ளையாகவே இருக்கவேண்டும். போத்தலில் 'நச்சற்றது' என்று போட்டிருந்தால் அது தீட்டுகிறவருக்கு ஆபத்தில்லை என்பதற்குச் சொல்வது. அதில் சாப்பிடலாம், குடிக்கலாம் என்பதற்கு அல்ல. இரண்டையும் ஒன்றென்று நினைத்துச் சாப்பாட்டுத் தட்டின் நடுவில் படம் தீட்டி விற்பவர்களைக் கண்டிருக்கிறேன். வாங்குபவருக்கும் தெரியாது, விற்பவருக்கும் தெரியாது.

ஸ்டென்சில் வெட்டுவது

கையால் வரையத் தெரிந்தவர்களுக்கு ஸ்டென்சில் தேவையில்லை என்று நினைக்க வேண்டாம். ஒரு கோப்பை என்றால் கையால் வரையலாம். இருபத்துநான்கு என்றால் கடைசிப் பூவும் முதற்பூவும் அக்கா தங்கச்சி மாதிரிக்கூட இருக்காது. வெட்டிய அச்சு ஒன்று இருந்தால் எல்லாம் ஒரே மாதிரி வரும். சித்திரம் வராது என்று ஒதுங்கி நிற்பவர்களும் செய்யலாம்.

அச்சு வெட்டத் தடித்த கண்ணாடித்தாள் போதும். கொப்பிக்கடையில் புத்தக மட்டைக்கு விற்பார்கள். ஒட்டும் ஸ்டிக்கர் தாள் வளைந்த பரப்பில் இன்னும் நன்றாகப் படியும், ஆனால் சில தரத்துக்கு மேல் பாவிக்க முடியாது. பழைய எக்ஸ்றே படத் தாள் எல்லாவற்றிலும் சிறந்தது. வெளிற்றும் திரவத்தில் சிறிது நேரம் ஊறவிட்டுக் கையுறை போட்டு வழித்தால் படம் போய்த் தெளிந்த தாள் கிடைக்கும்.

இங்கே ஒரு வார்த்தை. எங்கள் வீடுகளில் எக்ஸ்றேக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஷெல் துண்டு தெரியும் எக்ஸ்றே, முறிந்த காலின் எக்ஸ்றே, காணாமற் போனவருடைய பழைய வைத்தியப் படங்கள் எதையும் வெட்டாதீர்கள். இழப்பீட்டு அலுவலகம் அமைப்பதற்கான சட்டம் 2018இல் நிறைவேறியது. இன்றோ நாளையோ ஒரு காகிதம் கேட்கப்படும்போது அந்தப் படம் உங்களிடம் இருக்கவேண்டும். பக்கத்து வீட்டு அம்மாவின் மூட்டுவலி எக்ஸ்றேயைக் கேட்டு வாங்குங்கள்.

வடிவத்தைக் கடதாசியில் கீறி, அதன்மேல் தாளை வைத்துச் செலோடேப்பால் ஒட்டி, கூரான பிளேட்டால் வெட்ட வேண்டும். அடியில் பழைய கண்ணாடித் துண்டோ தடித்த மட்டையோ வையுங்கள். வளைவு வரும் இடத்தில் பிளேட்டைத் திருப்பாமல் தாளைத் திருப்புங்கள். கோலம், மாவிலை, பனைமரம், தாமரை, மீன் எல்லாம் வெட்டச் சுலபம்.

எழுத்துத்தான் சோதனை. ப, ட, ர போன்ற எழுத்துகள் நேராக வந்துவிடும். அ, க, ண போன்றவற்றில் மூடிய வட்டம் இருக்கிறது. சுற்றிவர வெட்டினால் நடுத்துண்டு கழன்று விழுந்துவிடும். அந்த இடத்தில் ஒரு தீக்குச்சி அகலத்துக்கு வெட்டாமல் விட்டு, நடுத்துண்டை வெளித்தாளோடு பிணைத்து வைக்கவேண்டும். இதை நாங்கள் பாலம் என்போம். பாலம் விட்ட இடம் கோப்பையில் சிறு வெள்ளைக் கோடாகத் தெரியும். மெல்லிய தூரிகையால் நிரப்பலாம், அப்படியே விட்டாலும் ஒரு அழகுதான். மெய்யெழுத்தின் குற்றை மட்டும் வெட்ட வேண்டாம். தூரிகையின் பின்முனையை நிறத்தில் தொட்டு வைத்தால் வட்டமான குற்று விழும். 'கண்ணம்மா' என்ற பெயரை வெட்ட எனக்கு முதன்முறை ஒரு மாலை முழுவதும் பிடித்தது. 'பாரதி' பத்து நிமிடம்.

கொழும்பில் வாங்குபவர்களில் பலர் சிங்களத்திலும் பெயர் கேட்பார்கள். வெட்டமுன் அந்த மொழி தெரிந்தவரிடம் எழுத்துப் பிழை பார்த்துக்கொள்ளுங்கள். பிழையான பெயர் சுட்டபிறகு அழியாது.

தீட்டுவதும் சுடுவதும்

கோப்பையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிக் காயவிட்டு, பஞ்சில் ஸ்பிரிட் அல்லது வினாகிரி தொட்டு வெளிப்புறத்தைத் துடையுங்கள். அதற்குப்பின் விரல் படக்கூடாது. எங்கள் விரலிலுள்ள எண்ணெய்ப்பசை போதும், அந்த இடத்தில் நிறம் பிடிக்காது. துவாய் ஒன்றை வளையமாகச் சுருட்டி அதற்குள் கோப்பையைப் படுக்கவைத்தால் உருளாது. அச்சுத்தாளை இழுத்துப் பிடித்து ஒட்டுங்கள். வளைவில் தாள் எழும்பினால் அதன் ஓரங்களில் சின்னச் சின்ன வெட்டுக் கொடுங்கள், படிந்துவிடும். நேரான சுவருள்ள கோப்பையை வாங்கினால் இந்தத் தொல்லை குறைவு. மேலே விரிந்து கீழே ஒடுங்கியது அழகாக இருக்கும், ஆனால் அச்சு சரிந்துகொண்டே போகும்.

தூரிகையால் இழுத்தால் நிறம் தாளுக்கு அடியில் புகுந்துவிடும். பாத்திரம் கழுவும் பஞ்சில் ஒரு துண்டை வெட்டி, நிறத்தில் தொட்டு, முதலில் பழைய பத்திரிகையில் ஒற்றுங்கள். பஞ்சு கிட்டத்தட்டக் காய்ந்தது போல இருக்கவேண்டும். பிறகு கோப்பையில் நேராகக் குத்திக் குத்தி ஒற்றுங்கள். முதல் ஒற்றில் மங்கலாகத்தான் தெரியும். பயந்து கூடப் பூசாதீர்கள். சற்றுக் காய்ந்தபின் இரண்டாம் தரம் ஒற்றலாம். முழுதாய்க் காயமுன் தாளை மெதுவாக எடுத்துவிடவேண்டும். கசிந்த ஓரங்களைக் காது துடைக்கும் பஞ்சுக்குச்சியால் துடைக்கலாம். சுடும்வரை எந்தப் பிழையும் திருத்தக்கூடிய பிழைதான்.

ஒரு நாள் காயட்டும். பிறகு ஆறிய போறணைக்குள் கோப்பைகளை அடுக்கிவிட்டுத்தான் சுவிட்சைப் போட வேண்டும். சூடான போறணைக்குள் வைத்தால் கோப்பை வெடிக்கலாம். சூடு 150 பாகைக்கு ஏறிய பிறகுதான் நிமிடத்தை எண்ணவேண்டும். என்னிடமுள்ள நிறத்துக்கு முப்பத்தைந்து நிமிடம். உங்களுடையதன் போத்தலில் எழுதியிருப்பதுதான் உங்களுக்குக் கணக்கு. முடிந்ததும் சுவிட்சை நிறுத்திக் கதவைத் திறக்காமல் உள்ளேயே ஆறவிடுங்கள். யன்னல்களைத் திறந்து வையுங்கள், பிள்ளைகளை அந்த அறையில் விடாதீர்கள். அந்த நேரம் வேறு சாப்பாட்டுச் சாமான் எதையும் போறணைக்குள் வைக்கக்கூடாது. மலிவான மேசைப் போறணைகளின் முள் சரியாகக் காட்டுவதில்லை. போறணைக்குள் வைக்கும் சின்ன வெப்பமானி ஒன்று வாங்கினால், பாழாகும் ஒரு தட்டுக் கோப்பையில் அந்தக் காசு வந்துவிடும். பாண் போறணையில் வைத்துத் தருவார்களா என்று கேட்பவர்கள் உண்டு. அங்கே சூடு அளவில்லாமல் ஏறும், வெள்ளை மஞ்சளாகிவிடும். வேண்டாம்.

ஒவ்வொரு தட்டிலும் ஒன்றை விற்காமல் எடுத்து வையுங்கள். அதில் தினமும் தேநீர் குடித்து, மற்றப் பாத்திரங்களோடு சேர்த்துக் கழுவுங்கள். ஒரு மாதம் கழித்து நகத்தால் சுரண்டிப் பாருங்கள். அதற்குப் பிறகுதான் அந்த நிறத்தில் பெரிய ஓடர் எடுப்பது என்பது பதினொரு கோப்பை திரும்பி வந்த பிறகு நான் வைத்துக்கொண்ட சட்டம்.

குறையுள்ள கோப்பை

தொழிற்சாலையில் சிறு புள்ளி, ஊசித் துளை, நிறக் கீறல் இருந்தால் இரண்டாம் தரமாகக் கழித்துவிடுவார்கள். புறக்கோட்டையில் அப்படியானவை குறைந்த விலைக்குக் கிடைக்கும். ஒவ்வொன்றையும் விரல் மொழியால் தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலித்தால் எடுங்கள். அடைத்த சத்தம் வந்தால் உள்ளே வெடிப்பு இருக்கிறது, எவ்வளவு மலிவென்றாலும் விட்டுவிடுங்கள். புள்ளியும் கீறலும் பரவாயில்லை. அந்த இடத்தில் ஒரு இலை விழுந்துவிட்டால் யாருக்குத் தெரியும்?

இது எங்கள் கண்டுபிடிப்பு அல்ல. இங்கிலாந்தில் ஸ்டோக் நகரத்துப் பீங்கான் ஆலைகளில் பதின்மூன்று வயதில் வேலைக்குச் சேர்ந்தவர் கிளாரிஸ் கிளிஃப். 1899இல் பிறந்தவர். 1927இல் அவர் வேலை செய்த கொம்பனியிடம் விற்க முடியாத குறைப் பீங்கான்கள் குவிந்து கிடந்தன. குறைகள் தெரியாதபடி அவற்றின்மேல் கொழுத்த நிறங்களில் முக்கோணங்களைத் தீட்டினார் அவர். விற்பனையாளர்கள் நம்பவில்லை, ஆனால் வீட்டுப் பெண்கள் தேடி வாங்கினார்கள். சில வருடங்களில் அவருக்குக் கீழே சுமார் எழுபது பேர், பெரும்பாலும் இளம் பெண்கள், கையால் தீட்டிக்கொண்டிருந்தார்கள். ஆலைக் கழிவிலிருந்து தொடங்கிய அந்தச் சாமான்களை இன்று ஏலத்தில் எடுக்கிறார்கள். அவருக்குச் சூளை கொம்பனியுடையது, சம்பளமும் கொம்பனியுடையது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். எங்களுக்கு இரண்டும் இல்லை.

சூட்கேசில் போன அச்சுகள்

2007ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் திகதி விடியற்புறம் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டைப் பகுதி லொட்ஜுகளில் தங்கியிருந்த 376 தமிழர்களைப் பொலிசார் பஸ்களில் ஏற்றிக் கொழும்பிலிருந்து வெளியேற்றியதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அவர்களில் பெண்களும் இருந்தார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் இந்த வெளியேற்றத்தை நிறுத்தி இடைக்கால உத்தரவு வழங்கியது. ஆனால் அந்த ஒரு விடியலில் கையில் அகப்பட்டதை மட்டும் தூக்கிக்கொண்டு இறங்கியவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்!

அந்தக் கிழமை நாங்கள் எல்லோரும் சூட்கேசைக் கட்டி வாசலில் வைத்துவிட்டுத்தான் படுத்தோம். என் சூட்கேசில் அடையாள அட்டைகள், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், இரண்டு மாற்றுடுப்பு. அடியில் ஒரு பழைய பைல் மட்டைக்குள் முப்பது நாற்பது அச்சுத்தாள்கள். போறணையைத் தூக்க முடியாது. கோப்பைகளைத் தூக்கினால் உடையும். அச்சுகளுக்கு எடையே இல்லை. எங்கே இறங்கினாலும் அடுத்த நாள் தொடங்கலாம் என்று அப்போது நினைத்தேன். சகோதரிகளே, அச்சுகளை இப்படி ஒரு பைலில் போட்டு, ஒவ்வொன்றிலும் இலக்கம் எழுதி வையுங்கள். பாவித்ததும் உடனே கழுவித் துடைத்து வைத்தால் நெடுநாள் உழைக்கும். கொட்டாஞ்சேனையில் எனக்குத் தெரிந்த ஒரு தங்கச்சி தன் அச்சுகளை அயலில் உள்ள மூன்று பெண்களுக்கு மாறி மாறிக் கொடுத்து வாங்குகிறா. நாலு பேருக்கும் சேர்த்து ஒரு போறணை. சீட்டுப் பிடித்து வாங்கியது.

கணக்குக் கொப்பி

இந்த வேலை ஒரு குடும்பத்தைத் தாங்கும் என்று நான் சொல்லமாட்டேன். அப்படிச் சொல்லும் வகுப்புகளுக்குப் போய் ஒரு நாள் இலவச நிறமும் ஒரு சான்றிதழும் வாங்கிக்கொண்டு வீடு திரும்பியவர்கள் நிறையப் பேர். ரியூசன் காசுக்கு, பஸ் காசுக்கு, மருந்துக்கு உதவும். அதுவும் கணக்கு எழுதினால்தான்.

ஒரு உதாரணம். விலைகள் கணக்குக்காக வைத்தவை, நீங்கள் உங்கள் விலையைப் போட்டுப் பாருங்கள். பன்னிரண்டு கோப்பை, ஒன்று 300 ரூபா வீதம் 3,600. நிறமும் பஞ்சும் 480. மின்சாரம் 150. பெட்டி, சுற்றும் கடதாசி 600. புறக்கோட்டைக்குப் போய்வர 200. மொத்தம் 5,030 ரூபா. ஒன்று உடையும், ஒன்று விற்காமல் எடுத்து வைப்பீர்கள். மிஞ்சுவது பத்து. ஆகவே ஒரு கோப்பையின் அடக்கவிலை 503 ரூபா. முந்நூறு அல்ல! 600க்கு விற்றால் பத்துக் கோப்பைக்கும் சேர்த்து உங்கள் கையில் 970 ரூபா. 750க்கு விற்றால் 2,470. பன்னிரண்டையும் செய்ய எட்டு மணித்தியாலம் போகும். நானும் முதல் இரண்டு வருடம் பெட்டியையும் பஸ்ஸையும் கணக்கில் சேர்க்காமல், இலாபம் என்று நினைத்துக்கொண்டு கைக்காசைத்தான் செலவழித்திருக்கிறேன்.

மின்சாரத்தை அலட்சியம் செய்யாதீர்கள். 1,500 வாட் போறணை ஒரு மணித்தியாலம் முழுமூச்சாக எரிந்தால் ஒன்றரை யூனிட். பாவிக்கும் யூனிட் கூடக்கூட ஒரு யூனிட்டின் விலையும் ஏறும் நாடு இது. 2022 ஓகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் கட்டணம் எவ்வளவு ஏறியது என்பது எல்லோருக்கும் தெரியும். வாடகை அறை என்றால் வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போறணை நிறையும்வரை காத்திருந்து ஒன்றாகச் சுடுங்கள்.

போறணை வாங்கக் கடன் எடுக்கவேண்டாம் என்பது என் அபிப்பிராயம். கிழமைக்குக் கிழமை வாசலில் வந்து நிற்கும் நுண்கடன் என்ன செய்யும் என்பதை வடக்கு கிழக்கில் கண்டோம். 2018இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில், கட்ட முடியாமற் போன ஒரு இலட்சம் ரூபாவுக்குட்பட்ட கடன்களிலிருந்து பெண்களை விடுவிக்க அரசாங்கமே ஒரு திட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. கோப்பை கிழமைக்குக் கிழமை விற்காது. தவணை மட்டும் கிழமைக்குக் கிழமை வரும்.

யார் வாங்குவார்கள்?

ஸ்டூடியோக்களில் புகைப்படம் பதித்த கோப்பை ஒரு சில நிமிடத்தில் செய்து கொடுக்கிறார்கள். அதோடு போட்டிக்குப் போகாதீர்கள். அந்த இயந்திரம் தராததைக் கொடுங்கள். பேரப்பிள்ளையின் பெயர் தமிழில், அம்மம்மா போட்ட அதே கோலம், விட்டு வந்த வீட்டு முற்றத்து வேம்பு. வெளிநாட்டிலிருந்து ஆடிவேலுக்கோ கலியாணத்துக்கோ வெள்ளவத்தைக்கு வருபவர்கள் இப்படியானதைத்தான் கேட்கிறார்கள். கொட்டாஞ்சேனையில் நத்தாருக்கு முந்திய இரண்டு மாதமும் ஜூன் 13 அந்தோனியார் திருநாளுக்கு முந்திய நாட்களும் நல்லவை. ஒக்டோபர் 6 ஆசிரியர் தினத்துக்கு ஓகஸ்டிலேயே ஓடர் கேட்கத் தொடங்குங்கள். பாதிக் காசை முன்பணமாக வாங்குங்கள். பெயர் எழுதிய கோப்பையை வேறு ஒருவருக்கு விற்க முடியாது.

தொழிலைப் பெயரிட்டுப் பதிய விரும்பினால் பிரதேச செயலகத்தில் விசாரிக்கலாம். வெள்ளவத்தையில் இருப்பவர்களுக்குத் திம்பிரிகஸ்யாய, கொட்டாஞ்சேனையில் இருப்பவர்களுக்குக் கொழும்பு. 1982ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த தேசிய அருங்கலைகள் பேரவையிலும் கைவினைஞர்களைப் பதிகிறார்களா, கண்காட்சிகள் உண்டா என்று கேட்டுப் பாருங்கள்.

ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு சின்னத் துண்டுக் கடதாசி வையுங்கள். தமிழிலும் சிங்களத்திலும் எழுதினால் நல்லது. 'கையால் தீட்டியது. மெதுவான துணியால் கழுவவும். சாம்பல், தும்பு, கம்பி போட்டுத் தேய்க்க வேண்டாம். ஊறவிட வேண்டாம்.' அதோடு உங்கள் தொலைபேசி இலக்கம். இலக்கம் எழுதக் கொஞ்சம் துணிவு வேண்டும். உரிந்தால் கூப்பிடுவார்களே என்று நானும் முதலில் எழுதாமல் விட்டேன். இப்போது எழுதுகிறேன்.

அந்தப் பதினொன்றில் ஒன்றை நான் எறியவில்லை. இதழ் இரண்டு போய், தண்டும் பாதிப் பெயரும் மிஞ்சியிருக்கிறது. அதில் யாரும் குடிப்பதில்லை. தூரிகைகள் போட்டு வைத்திருக்கிறேன்.